அத்திப்பழம் தின்னாத புறா

கீறிய மாத்திரத்தில் ஊசிக்காரர் கத்தியைத் தட்டில் வைத்துவிட்டார். இருபது வருடத்துக்கும் மேலாகச் செத்த பறவைகளை உரித்து, பஞ்சு அடைத்து, தைத்து, காலில் சீட்டுக் கட்டி இழுப்பறைகளில் அடுக்கிவருகிற கை அது. கழுகைத் திறந்தும் பாதியில் நின்றதில்லை, நாரையைத் திறந்தும் நின்றதில்லை. அன்றைக்கு ஒரு புறாவைத் திறந்ததும் நின்றுவிட்டது.

அருங்காட்சியகத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. தையல் அவ்வளவு நேர்த்தி, எங்கே போட்டார் என்று தேடினாலும் கிடைக்காது. அதனால் ஊசிக்காரர். புதிதாக வேலைக்கு வந்த ஒருவர் இவரை மருத்துவமனை ஆள் என்று நினைத்துச் சட்டைக் கையை மடித்துக் காட்டியதும் உண்டு.

மேஜைமேல் கிடந்தது வெண்பிடரிப் புறா. கழுத்தின் பின்புறம் சுண்ணாம்பு தடவினாற்போல ஒரு திட்டு. உயரமான மலைக்காடுகளில் பழம் மட்டுமே தின்று வாழ்கிற சாதி. அதே மலையில், அதே மரங்களில், இதே சாயலில் இன்னொரு புறாவும் உண்டு. அதற்குப் பிடரி செங்காவி, அலகு கொஞ்சம் பெரிது. செம்பிடரிப் புறா. இரண்டையும் ஊசிக்காரர் ஓரகத்திகள் என்பார். ஒரே வீடு, ஒரே வாசல், அடுப்பு மட்டும் தனித்தனி. ஒன்று சின்னச் சின்னக் காட்டத்திப் பழங்களைத் தின்று, விதையையும் வயிற்றுக்குள்ளேயே அரைத்துவிடும். மற்றது எண்ணெய்ப் பசையுள்ள கறுப்புப் பழங்களை அப்படியே விழுங்கி, சதையை எடுத்துக்கொண்டு கொட்டையை முழுசாக வெளியே தள்ளிவிடும். எது எதைத் தின்னும் என்பதை இருபத்திரண்டு வருடத்துக்கு முன்பே ஒரு கட்டுரை தீர்த்துவைத்துவிட்டது. வெண்பிடரிக்கு அத்தி, செம்பிடரிக்குக் கறுப்புப் பழம். அதற்குப் பிறகு மலைக்குப் போனவர்கள் எல்லாம் கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டே பறவையைப் பார்த்தார்கள். அத்தி மரத்தில் ஒரு வெண்பிடரி இளைப்பாற உட்கார்ந்தால்கூட, அடடா, எவ்வளவு சரி என்று குறித்துக்கொண்டு இறங்கினார்கள்.

வெண்பிடரி இப்போது விரல்விட்டு எண்ணுகிற அளவுக்குக் குறைந்துவிட்டது. கூண்டில் வைத்துப் பெருக்கலாம் என்று ஒரு ஜோடியைப் பிடித்துவந்து, அருங்காட்சியகத்தின் பின்பக்கம் இருந்த பெரிய வலைக்கூண்டில் விட்டார்கள். கட்டுரைப்படி அத்திப்பழம் போட்டார்கள். பத்தாம் நாள் ஆண் செத்தது. அதைத்தான் இப்போது தைக்கக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள்.

தொண்டைக்குக் கீழே இருக்கும் தீனிப்பை காலி. அதில் அதிசயமில்லை. அதற்கும் கீழே இருந்த வயிறுதான் அவரை அடித்துப் போட்டது. விதை அரைக்கிற பறவைக்கு வயிறு கெட்டித் தசையாக, உள்ளே மணலும் பொடிக்கல்லுமாக இருக்கும். கோழி அறுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இந்த வயிறு ஊதாத பலூன் மாதிரி மெல்லிசாக இருந்தது. ஒரு கல் இல்லை. குடலோ கொட்டை உருண்டு போகிற அகலம். இதனிடம் அத்தி விதையைக் கொடுப்பது பொக்கைவாயில் வறுகடலையைப் போடுவது போலத்தான்.

அப்படியென்றால் கட்டுரை தலைகீழ். கூண்டில் மிச்சமிருக்கும் பெண் புறா இன்னும் நாலைந்து நாள் தாங்கினால் பெரிது. அதைக் காப்பாற்ற ஒரு வாக்கியம் போதும். அந்த வாக்கியத்தைச் சொல்ல ஊசிக்காரரை விட்டால் ஆள் கிடையாது, ஏனென்றால் தப்பைச் செய்தவரே அவர்தான்.

அந்த வருடம் மலைக்குப் போன குழுவில் இவர் தற்காலிக ஆள். கல்யாணமாகி நாலு மாதம். இரண்டு நாளில் நாற்பது புறா, இருபது இது, இருபது அது. மழை. ஒவ்வொன்றின் தீனிப்பையில் இருந்ததையும் எடுத்து, சாராயம் ஊற்றிய புட்டியில் போட்டு, எண் எழுதிய சீட்டை உள்ளேயே போட வேண்டும். சாராயத்துக்குள் போகிற சீட்டில் பென்சிலால்தான் எழுத வேண்டும் என்பது இந்தத் தொழிலில் அரிச்சுவடி. புது மாப்பிள்ளைக்கு அரிச்சுவடி எங்கே ஞாபகம் இருந்தது? மச்சான் கல்யாணப் பரிசாகக் கொடுத்த மைப்பேனா சட்டைப்பையில் மின்னிக்கொண்டிருந்தது. அழகாக, குண்டு குண்டாக, நீல மையில் நாற்பது சீட்டு எழுதினார். மலையிறங்குகிற வழியில் பெட்டிகள் கவிழ்ந்து புட்டிகள் கலந்தன. கீழே வந்து பார்த்தால் நாற்பது புட்டியிலும் நீலத் தண்ணீர், நாற்பது வெள்ளைச் சீட்டு.

இருபதில் அத்தி, இருபதில் கறுப்புப் பழம். எது எந்தப் புறாவுடையது? உடல்களை மலையிலேயே குழிவெட்டிப் புதைத்தாயிற்று. மழையில் நாற்பது பறவை உரித்தவருக்கு எந்த வயிற்றில் எது இருந்தது என்று எப்படி நினைவிருக்கும்? உட்கார்ந்து யோசித்தார். செம்பிடரிக்குப் பெரிய அலகு. பெரிய அலகு, பெரிய பழம். இது நியாயமாகத்தான் பட்டது. இந்த முறை பென்சிலால், ஒழுங்காக, நாற்பது புதுச் சீட்டு எழுதினார். இருபத்திரண்டு வருடமாக, சரியாகக்கூட இருக்கலாமே என்று தன்னைத் தானே தட்டிக்கொடுத்தே தூங்கியிருக்கிறார்.

கட்டுரையை எழுதியவர் யார் என்பதுதான் விஷயமே. மனைவியின் அண்ணன், அந்தப் பேனாவைக் கொடுத்த அதே மச்சான். அலுவலகத்தில் எல்லாருக்கும் பெரியவர், பறவைப் பிரிவின் தலைவர். ஊசிக்காரருக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர், நிரந்தரமாக்கியவர், தன் வீட்டு மாடியைக் கொடுத்துக் குடிவைத்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, புறாக்களையே கட்டிக்கொண்டார். இரண்டு வேளையும் மாடி ஏறி வந்து தங்கை கையால் சாப்பிடுகிறார். அலகின் அளவுக்கும் பழத்தின் அளவுக்கும் உள்ள உறவை என்ன அழகாக நிறுவியிருக்கிறார் என்று அந்தக் கட்டுரையை உலகமே மெச்சியது. அதன் முதல் பக்கத்தைச் சட்டம் போட்டுக் கூடத்துச் சுவரில் மாட்டியிருந்தாள் மனைவி. இருபத்திரண்டு வருடமாக ஊசிக்காரர் சோறு தின்னும்போதெல்லாம் எதிரே தொங்கியது அதுதான்.

மச்சான் கெட்டவராக இருந்திருந்தால் எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும். ஒருநாள்கூட முகம் சுளித்ததில்லை, வாடகை என்ற சொல் அவர் வாயில் வந்ததில்லை. நல்லவருடைய வீட்டில் குடியிருப்பதைப் போல மூச்சு முட்டுகிற விஷயம் வேறில்லை. கதவு எப்போதும் திறந்தே இருக்கும், வெளியேற ஒரு காரணம் கிடைக்காது.

"என்ன மாப்பிள்ளை, முடிஞ்சுதா?" என்று மச்சானே அறைக்குள் வந்தார். திறந்து கிடந்த புறாவை ஒரு பார்வை பார்த்தார். உடனே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"காரணம் என்னன்னு எழுதட்டும் மச்சான்?"

"பிரயாணக் களைப்புன்னு எழுதுங்க. பாவம், அவ்வளவு தூரம் வண்டியில வந்துச்சு."

ஊசிக்காரர் பிரயாணக் களைப்பு என்று எழுதிவிட்டுத் தைக்க உட்கார்ந்தார். முதல்முறையாகத் தையல் கோணியது.

மறுநாள் காலை ஏழு மணிக்கே வீட்டைவிட்டுக் கிளம்பினார். பேருந்துப் பணிமனையை ஒட்டிய தெருவில் வரிசையாகக் கற்பூர மரங்கள், பூசைக் கற்பூரம் எடுக்கிற சாதி. பட்டாணி அளவில் கறுப்புப் பழம் கொட்டி நடைபாதையை நாசம் செய்யும். கூட்டுகிற அம்மா தினமும் அந்த மரங்களின் பரம்பரையையே திட்டுவாள். மலையில் இருக்கும் கறுப்புப் பழத்துக்கு இது தங்கை முறை. நசுங்காத பழமாகப் பார்த்துக் குனிந்து குனிந்து பொறுக்கி, சாப்பாட்டு டப்பாவின் மேல்தட்டில் போட்டுக்கொண்டார்.

"இந்தக் கருமத்தை எதுக்கு எடுக்குறீங்க?" என்றாள் கூட்டுகிற அம்மா.

"மருந்துக்கும்மா."

"யாருக்கு உடம்பு சரியில்ல?"

"வீட்டுல ஒருத்தருக்கு" என்று மென்று விழுங்கினார்.

பறவை டாக்டர் எட்டு மணிக்குத்தான் வருவாள். முப்பது வயதுப் பெண், கூண்டுப் பறவைகளுக்கெல்லாம் பொறுப்பு அவள். அதற்கு முன் கூண்டுக்குள் போக ஊசிக்காரரிடம் நல்ல சாக்கு இருந்தது, சேகரிப்புக்கு உதிர்ந்த இறகு பொறுக்குவது. பெண் புறா மூலையில் உப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. முன்னால் கிண்ணம் நிறைய அத்திப்பழம், ஓரத்தில் மட்டும் அலகால் கொத்திய இரண்டு தடம். கறுப்புப் பழத்தை நீட்டினார். பார்த்தது. கழுத்தை ஒரு பக்கம் சாய்த்தது. பிறகு எடுத்தது பாருங்கள், பதினாறு பழம், மூச்சு விடாமல். ஊசிக்காரருக்குக் கண்ணில் நீர் கட்டிவிட்டது. செத்த பறவைகளோடே காலம் தள்ளியவருக்கு, தன் கையிலிருந்து ஒரு பறவை வாங்கித் தின்பது புதுசு.

அன்று பிடித்தது சனி. பறவை தினம் தின்ன வேண்டும், ஞாயிற்றுக்கிழமை என்று அதற்கு ஒன்று கிடையாது. காலையில் ஒருமுறை, டாக்டர் மதியம் சாப்பிடப் போகும்போது ஒருமுறை. போட்டால் மட்டும் போதாது. அது எச்சத்தோடு வெளியே தள்ளுகிற கொட்டைகளை ஒன்றுவிடாமல் இடுக்கியால் பொறுக்க வேண்டும், டாக்டர் கண்ணில் பட்டால் தீர்ந்தது. அத்திப்பழத்தில் பாதியை எடுத்து மறைக்க வேண்டும், இல்லாவிட்டால் தின்னவே இல்லை என்று தெரிந்துவிடும். ஐம்பது வயதுக்கு மேல் ஒரு மனிதர் புறா எச்சத்தில் மண்டியிட்டுத் திருட்டுத்தனம் செய்தார். பொறுக்கிய கொட்டைகளைத் தூக்கிப்போடவும் மனம் வரவில்லை, அருங்காட்சியகக்காரர் புத்தி. ஒரு ஜாடியில் போட்டு அலமாரிக்குப் பின்னால் வைத்தார்.

"டப்பாவெல்லாம் கறுப்பா இருக்கே, என்ன கொட்டினீங்க?" என்றாள் மனைவி.

"மை."

"ஞாயித்துக்கிழமையும் ஆபீஸ் போறீங்க. என்னதான் நடக்குது அங்க?"

"இழுப்பறையெல்லாம் ஒதுக்குறோம்."

"எங்கண்ணன் போகலையே."

"உங்கண்ணன் தலைவர். நான் ஊசி" என்று சிரித்து மழுப்பினார். சாப்பாட்டு மேஜையின் அந்தப் பக்கம் மச்சான் தட்டைவிட்டுத் தலையை நிமிர்த்தவில்லை.

மூன்று வாரத்தில் புறா தேறிவிட்டது. இறகு மினுங்கியது. ஊசிக்காரரின் செருப்புச் சத்தம் கேட்டாலே கிளையிலிருந்து இறங்கி வலையோரம் வந்து நிற்கும். அவருக்கு உச்சி குளிர்ந்தது. யாருக்கும் வலிக்காமல் தப்பைச் சரிசெய்துவிட்டோம் என்றுகூட நினைத்தார். அந்த நினைப்புக்கு ஆயுசு ஒரு புதன்கிழமை மதியம் வரைதான்.

பறவை டாக்டர் எடை எழுதிய தாளை ஆட்டிக்கொண்டு அவர் அறைக்கு ஓடிவந்தாள். அவள் அப்படிச் சிரித்து அவர் பார்த்ததில்லை.

"சார், பாருங்க. நாப்பது கிராம் ஏறியிருக்கு. அத்திப்பழம்தான் சரி. முதல்ல பழகல, அவ்வளவுதான். பெரியவர் கட்டுரை கட்டுரைதான் சார்."

"சந்தோஷம் டாக்டர்."

"இதை வெச்சு அறிக்கை எழுதிட்டேன். மேலிடத்துல ஒத்துக்கிட்டாங்க. இன்னும் எட்டு வெண்பிடரி பிடிக்கப் போறோம். நாலு ஊருக்கு ஜோடி ஜோடியா அனுப்புறோம். எல்லாருக்கும் ஒரே தீனிப் பட்டியல். திங்கக்கிழமை ஆளுங்க மலைக்குக் கிளம்புறாங்க. பெரியவர் கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி."

நாலு ஊர். அந்த ஊர்களில் கற்பூர மரத்தடியில் குனிந்து பொறுக்க எந்த ஊசிக்காரர் இருக்கிறார்? அவர் திருட்டுத்தனமாகப் போட்ட ஒவ்வொரு பழமும் அந்தப் பொய்க்கு ஒரு சாட்சியாகப் போய்ச் சேர்ந்திருந்தது. ஒரு பறவையைக் காப்பாற்றி எட்டுப் பறவைக்குக் குழி வெட்டியிருந்தார். மலையில் மிச்சம் இருப்பதே அவ்வளவுதானோ என்னவோ.

இனி மறைக்க முடியாது. அன்று மாலை எல்லாரும் போன பிறகு மச்சானின் அறைக்குப் போனார். மச்சான் ஒரு குருவியின் இறக்கையை அளந்துகொண்டிருந்தார். ஊசிக்காரர் நாற்காலியில் உட்காரவில்லை.

"மச்சான், அந்த மலைப் பயணத்துல நான் மைப்பேனால சீட்டு எழுதினேன். எல்லாம் அழிஞ்சுபோச்சு. ஊகத்துல திருப்பி எழுதினேன். ஊகம் தப்பு. வெண்பிடரி அத்தி தின்னாது."

மச்சான் குருவியைத் தட்டில் வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"தெரியும் மாப்பிள்ளை."



"எப்போலருந்து?"

"கட்டுரை வந்த மறுவருஷம். புயல்ல அடிபட்டு ஒரு வெண்பிடரி வந்துச்சு. நீங்க லீவுல இருந்தீங்க. நானே திறந்தேன். உள்ள கொட்டை முழுசா கிடந்துச்சு, கோலிக்குண்டு மாதிரி. அப்புறம் பழைய சீட்டை எடுத்துப் பார்த்தேன். பென்சில் எழுத்துதான், ஆனா தாள்ல நீலம் ஊறியிருந்துச்சு, சாராயத்துல கரைஞ்ச மை. நான் கொடுத்த பேனாவாச்சே, எனக்குத் தெரியாதா?"

"ஏன் சொல்லல?"

"நீங்க அப்போ தற்காலிகம். சொன்னா முதல்ல உங்களைத்தான் அனுப்புவாங்க. என் தங்கச்சி ஏழு மாசம். குழந்தை பிறக்கட்டும்னு இருந்தேன்."

"பிறந்து இருபத்தோரு வருஷம் ஆச்சு மச்சான். காலேஜ் படிக்கிறா."

"அதுக்குள்ள என்னைத் தலைவராக்கிட்டாங்க" என்றார் மச்சான். அவ்வளவுதான் விளக்கம்.

ஊசிக்காரருக்குக் கோபம் வந்தது. இத்தனை வருடத்தில் அந்த மனிதர்மேல் வந்த முதல் கோபம், எப்படிப் பிடிப்பது என்றே தெரியவில்லை.

"அந்த ஆண் புறா வந்தப்போவும் தெரியுமா? தீனிப் பட்டியல்ல அத்தின்னு நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க."

மச்சான் குருவியின் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பசிச்சா அத்தியையும் ரெண்டு தின்னாதா என்னன்னு நினைச்சேன். அது செத்தப்போ எனக்கும் தூக்கம் இல்ல. அப்புறம் நீங்க காலையில டப்பாவோட கிளம்புறதைப் பார்த்தேன். நிம்மதியா இருந்துச்சு மாப்பிள்ளை. நீங்க பார்த்துப்பீங்கன்னு."

"இப்போ எட்டு பறவை."

"எனக்கு ஏழு மாசம் இருக்கு. ஓய்வு வாங்கின அன்னைக்கு நானே எழுதிக் கொடுத்துடறேன். சத்தியமா. அதுவரைக்கும் பொறுங்க."

"பறவை பத்து நாள்தான் பொறுக்குது மச்சான்."

"உங்களை நான் இருபத்தோரு வருஷம் பொறுத்தேன்" என்றார் மச்சான். குரல் உயரவில்லை. கெஞ்சுகிற குரல்தான் அது. அறைந்திருந்தால்கூட ஊசிக்காரருக்கு இவ்வளவு வலித்திருக்காது. தான் குடியிருந்தது மாடியில் அல்ல, அந்த ஒரு வாக்கியத்துக்குள் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வெளியே வந்தார். இரண்டு பேரும் வழக்கம்போல ஒரே பேருந்தில், அடுத்தடுத்த இருக்கையில், வீட்டுக்குப் போனார்கள்.

வெள்ளிக்கிழமை காலை மச்சான் கையெழுத்துப் போட்டுவிட்டார் என்று தெரிந்தது. ஊசிக்காரர் நேராகக் கூண்டுக்குப் போனார். டாக்டர் வாசலில் கிண்ணம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"டாக்டர், ஆளுங்களை நிறுத்துங்க. இது அத்தி தின்னல. நான்தான் மூணு வாரமா வேற பழம் போட்டேன்."

அவள் சிரித்தாள். "சார், எடை நான் எழுதினது. பறவையே சொல்லுது. நீங்க ஏன் இப்படி..."

அவர் வலையை நெருங்கினார். சொல்லிவைத்தது போலப் பெண் புறா கிளையிலிருந்து இறங்கி அவர் முன்னால் வந்து நின்றது. டப்பாவைத் திறந்து நீட்டினார். அது ஒவ்வொன்றாக எடுத்து விழுங்கியது. டாக்டரின் சிரிப்பு நின்றது. பிறகு அவர் அலமாரிக்குப் பின்னால் இருந்த ஜாடியைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தார். முக்கால் ஜாடி கொட்டை. மைப்பேனாவிலிருந்து ஆரம்பித்து ஆண் புறாவின் வயிறு வரைக்கும் சொன்னார். அவள் ஜாடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"அந்த ஆணுக்குக் கடைசி நாள் நான் என் கையால வாயைப் பிரிச்சு அத்திப்பழம் ஊட்டினேன் சார்" என்றாள். "வாந்தி எடுத்துச்சு. திரும்பவும் ஊட்டினேன்."

ஊசிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்த் தாளும் பேனாவும் எடுத்துவந்தாள். "எழுதித் தரணும். நீங்க சொல்லுங்க, நான் எழுதறேன். கடைசியில கையெழுத்துப் போடுங்க." எழுதினாள். பாதியில் நிறுத்தினாள்.

"ஒண்ணு கேக்கணும். பெரியவருக்கு இது தெரியுமா?"

ஊசிக்காரர் புறாவைப் பார்த்தார். தெரியும் என்று சொன்னால் மச்சானுக்கு வேலை போகும், பெயர் போகும், எழுதிய அத்தனை கட்டுரைகளும் சந்தேகத்துக்குள் போகும். மாடி போகும். கூடத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டே இருபத்திரண்டு வருடம் வாழ்ந்தவளிடம் அந்தச் செய்தியைச் சொல்ல வேண்டும். இதையெல்லாம்கூடத் தாங்கலாம். ஆனால் குழந்தை பிறக்கட்டும் என்று பேசாமல் இருந்தாரே, அந்த ஆரம்பத்தை என்ன செய்வது? அதில் கெட்ட எண்ணம் ஒரு பொட்டுக்கூட இல்லையே. அந்தக் குழந்தையின் தகப்பன் எப்படிக் காட்டிக்கொடுப்பான்?

"தெரியாது" என்றார்.

"துளிகூடவா?"

"அவருக்கு ஒண்ணுமே தெரியாதும்மா. என்னை நம்பினார்."

அதையும் எழுதினாள். அவர் கையெழுத்துப் போட்டார்.

மலைக்குப் போகவிருந்த ஆட்களை நிறுத்திவிட்டார்கள். பிடிக்கிற திட்டத்தையே கைவிட்டு, அந்தப் பெண் புறாவைக் கொண்டுவந்த அதே வண்டியில் ஏற்றி மலையில் விட்டுவிட முடிவானது. ஊசிக்காரருக்கு விசாரணை முடியும்வரை வேலை இல்லை, கட்டடத்துக்குள் கால் வைக்கவும் கூடாது. புறா போவதை அவர் பார்க்கவில்லை. மச்சானிடம் ஒவ்வொருவராக வந்து துக்கம் கேட்டார்கள். வீட்டுக்குள்ளேயே வைத்துச் சோறு போட்ட ஆள் இப்படிக் கழுத்தறுத்துவிட்டாரே என்றார்கள். மச்சான் எல்லாருக்கும் கைகூப்பினார் என்று கேள்வி. கட்டுரைக்குத் திருத்தம் எழுத அவரையே கேட்டுக்கொண்டார்களாம். எவ்வளவு பெருந்தன்மை என்று அதற்கும் பாராட்டு.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று பேரும் மாடியில் சாப்பிட உட்கார்ந்தார்கள். இரண்டு நாளாக மனைவி ஊசிக்காரரோடு பேசவில்லை. தட்டு வரும், சோறு வரும், சொல் வராது. அன்று அண்ணனுக்குப் பரிமாறும்போது தாங்க முடியாமல் உடைந்துவிட்டாள்.

"எங்கண்ணன் ஒண்ணும் தெரியாத மனுஷன். இருபத்திரண்டு வருஷம் அவர் கண்ணைப் பார்த்துட்டே பொய் சொல்லியிருக்கீங்க. எப்படிங்க முடிஞ்சுது? அவர் உங்களுக்கு என்ன குறை வெச்சார்?"

ஊசிக்காரர் மச்சானைப் பார்த்தார். வேறு யாரும் இல்லாத இடம், சொந்தத் தங்கை. இங்கே ஒரு வார்த்தை சொன்னால் அது வெளியே போகாது. எனக்கும் தெரியும் என்று ஒரே ஒரு வார்த்தை. அதற்குமேல் அவர் எதையும் எதிர்பார்க்கவில்லை. மச்சான் கையிலிருந்த உருண்டையைத் தட்டிலேயே வைத்தார். கண் கலங்கியிருந்தது. ஊசிக்காரர் காத்திருந்தார்.

"விடும்மா" என்றார் மச்சான். "மனுஷன்னா தப்பு பண்ணத்தான் செய்வான். நான் மாப்பிள்ளையை மன்னிச்சுட்டேன். நீயும் மன்னிச்சுடு."

நடிப்பு இல்லை. அந்த முகத்தை ஊசிக்காரருக்குத் தெரியும், அதில் பொய் நிற்காது. மனிதர் உண்மையாகவே மன்னித்திருந்தார். தங்கை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எழுந்து, இரண்டு நாளில் முதல்முறையாகப் புருஷனின் தட்டில் அவளாகவே இன்னொரு கரண்டி சோறு போட்டாள்.

"அண்ணனுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றாள்.

இரண்டு பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ரொம்ப நன்றி மச்சான்" என்றார் ஊசிக்காரர்.